தொடக்கப் பள்ளிக்குக் குறைதீர் ஆசிரியர்: மனுவில் தொடங்கி வகுப்பு வரை

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கக் குறைதீர் ஆசிரியர் என்று தனிப் பணியிடம் கிடையாது. வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்காக, பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழு வழியாக முயன்றபோது முதலில் பிடிபட்டது இதுதான். "பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள், ஓர் ஆசிரியர் வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால், அனுமதிக்கப்பட்ட பணியிடம் நிரம்பியிருக்கிறது என்றுதான் பதில் வரும். 2009 கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. தமிழ்நாட்டில் பணியிட நிர்ணயத்துக்குக் கணக்கெடுப்பது ஆகஸ்ட் 1 நிலவரத்தை. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் சேர்த்து நடத்தும் பள்ளியில், எழுத்துக் கூட்டத் தெரியாத பத்துப் பேருக்குத் தனி நேரம் கிடைக்க வழியில்லை. அதனால் இருக்கிற திட்டங்களில் எது எதற்குப் பொருந்தும் என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

எதைக் கேட்பதானாலும் முதலில் பெயர்வாரிப் பட்டியல் வேண்டும். ஜூன் கடைசியில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, மற்றவர்கள் கேட்காத இடத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள்: எழுத்து, சொல், ஒரு வாக்கியம், இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தி. தலைக்கு ஐந்தாறு நிமிடம் போதும். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றலைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் பதிவில் இருக்கும். ஆனால் நிலையை மட்டும் குறித்தால் போதாது, தடுமாறும் இடத்தைக் குறிக்க வேண்டும். 'கொடி' என்பதைப் பார்த்து ஒரு பிள்ளை 'கெ' என்று தொடங்கித் துணைக்காலைத் தனியாக விட்டுவிடும். இன்னொன்று ப, ட, ம் என்று மூன்றையும் சரியாகச் சொல்லும். 'படம்' என்று சேர்க்க வராது. இரண்டுக்கும் பயிற்சி வேறு. கணக்கில் 32-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதுகிற பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். சிறியதைப் பெரியதிலிருந்து கழித்துவிடுகிறது, கடன் வாங்குவதுதான் தெரியவில்லை. இப்படிக் குறிப்பு எழுதிய பட்டியலைப் பார்த்தால், என்ன உதவி கேட்கிறோம் என்பது அலுவலருக்குப் படித்த உடனே புரியும்.

அடுத்து மேலாண்மைக் குழுத் தீர்மானம். மூன்று கோரிக்கைகளைத் தனித்தனித் தீர்மானமாக எழுதுங்கள்; ஒன்றாகக் கலந்தால் எந்த மேசையிலும் முடியாது. அனுமதித்த பணியிடம் காலியாக இருந்தால் தற்காலிக ஆசிரியர் கேட்கலாம். 2022-ல் மேலாண்மைக் குழு மூலம் நியமிக்க அரசு ஆணையிட்டபோது இடைநிலை ஆசிரியருக்கு முதலில் ₹7,500 என்றிருந்த தொகுப்பூதியம் பிறகு ₹12,000 ஆனது. காலியிடமே இல்லையென்றால் இந்த வழியில் போய்ப் பயனில்லை, தன்னார்வலர்தான். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி அதற்கு நல்ல முன்மாதிரி: தொடக்க நிலைக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, ஒருவருக்கு ஏறக்குறைய 20 பிள்ளைகள், மாதம் ₹1,000 ஊக்கத்தொகை, மாலை 5 முதல் 7 வரை. மூன்றாவது, மாதக்கணக்கில் தனியாகச் சொல்லிக்கொடுத்தும் எழுத்து மனத்தில் நிற்காத பிள்ளை. 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (டிஸ்லெக்சியா போன்றவை) 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு, ஒன்றியப் பள்ளிகளுக்குக் கற்பித்தல் உதவி தரும் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரையும் மதிப்பீட்டு முகாமையும் கேட்க வேண்டும். மந்தம் என்று சொல்லி ஒதுக்கிவைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

தீர்மானத்தில் தலைவர், தலைமையாசிரியர், உறுப்பினர்கள் எல்லாருடைய கையெழுத்தும் வாங்கி, பட்டியலை இணைத்து வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள், நகல் வள மையத்துக்கு. தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதே தீர்மானத்தை வையுங்கள். பிள்ளைகளின் பெயரை அங்கே வாசிக்கக் கூடாது, எண்ணிக்கை மட்டும் போதும்.

வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்புவதாகச் சொல்வார்கள். அந்தப் பள்ளியும் ஈராசிரியர் பள்ளியா என்று கேளுங்கள். அங்கே ஓட்டை போட்டு இங்கே அடைப்பதை நாம் கேட்கக் கூடாது.

ஆள் வந்த பிறகுதான் பெரிய சிக்கல். வந்தவரிடம் எமிஸ் (பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் தளம்) பதிவேற்றம் போகும், விடுப்பில் இருக்கும் ஆசிரியரின் வகுப்பு போகும். ஒரு மாதத்தில் குறைதீர் வேலை காணாமல் போய்விடும். நேரத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் தீர்மானத்திலேயே எழுதிவைத்தால்தான் நிற்கும்: நாளுக்கு 45 நிமிடம், ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். விளையாட்டு வேளையில் மட்டும் வைக்காதீர்கள். பிள்ளைக்கு அது தண்டனையாகிவிடும். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கிவைத்த விரிவாக்கத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்ததிலிருந்து பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்து மணி அடிக்கும் வரை உள்ள நேரத்தை வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

டெல்டாவில் பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சம்பா நடவு மும்முரத்தில் அம்மாக்கள் விடியுமுன் வயலுக்குப் போய்விடுவார்கள்; கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தது வீட்டில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை. மாலை வகுப்பானால் இருட்டும் மின்வெட்டும் சேரும். தை அறுவடையிலும் வருகை குறையும். ஜூலையில் தொடங்கி ஐப்பசி மழைக்குள் எழுத்துக் கூட்டலை முடித்துவிட வேண்டும். மழைக்காலத்துக்கு வீட்டில் வாசிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் பத்துச் சொல் அட்டை கொடுத்தனுப்பலாம்.

மாதம் ஒரு முறை அதே பத்தியை விட்டு வேறு பத்தியைக் கொடுத்துச் சோதியுங்கள், பழையது மனப்பாடமாகியிருக்கும். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளையின் குறிப்பைப் பிரதி எடுத்து, மாற்றுச் சான்றிதழோடு ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் நேரில் சேர்த்துவிடுங்கள்.