தம்பிக்கு மூன்று பெயர்

2021 மே மாதம், விளக்கு வைக்கிற நேரம். அமெரிக்காவின் இண்டியானாவிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, என் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கிறது?"

பிப்ரவரி 1 அன்று இங்கே பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. அவனுக்குப் படிப்பு முடிகிற சமயம். திரும்பி வா என்று சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. மே 25 முதல் அமெரிக்கா பர்மியருக்குத் தற்காலிகப் பாதுகாப்பு நிலை கொடுத்தது, டி.பி.எஸ். என்பார்கள். முதலில் 18 மாதம். நாடு கடத்த மாட்டார்கள், வேலை பார்க்கலாம். அதை மட்டும் வைத்து கிரீன் கார்டு கிடைக்காது. மார்ச் 11 முதல் அங்கேயே வசிப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு வீட்டு வாடகை ரசீதும் கல்லூரிக் கடிதமும் அவனிடம் இருந்தன. பர்மாக்காரன் என்று காட்டுவதில்தான் சிக்கல்.

பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. தூதரகத்துப் பக்கம் போக அவனுக்கு விருப்பமில்லை. பழைய பாஸ்போர்ட்டோடு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை நகல், குடும்பப் பட்டியல் மூன்றையும் சேர்க்கச் சொன்னார், அங்கே உதவிய வழக்கறிஞர்.

எடுத்துப் பார்த்தால் பிறப்புச் சான்றிதழில் தாத்தா வைத்த தமிழ்ப் பெயர். பள்ளியில் சேர்க்கும்போது வைத்த பர்மியப் பெயர்தான் அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும். பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடித்திருந்தார்கள். பெயர் தெரியாது என்று பொருளாம். கல்லூரியில் சில பேர் அவனை 'ஃபினூ' என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்!

அப்பாவுக்கும் இதே கதை. ஒரு தாளில் தமிழ்ப் பெயர், இன்னொன்றில் 'ஊ' என்ற மரியாதை அடைமொழி போட்ட பர்மியப் பெயர். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று இங்கே ஒரு வழக்கறிஞர் முன்னால் அப்பா சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. "என் பிள்ளைக்கு நான்தான் அப்பன் என்று நானே சத்தியம் செய்யணுமா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். இங்கே தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு இரண்டு பெயர் உண்டு. பிள்ளைகளை வெளிநாடு அனுப்புகிறவர்கள் இந்தப் பத்திரத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பட்டியலின் நகலுக்குக் குடிவரவு அலுவலகம் போவதற்குள் ஜூலை வந்துவிட்டது. கொரோனாவால் யாங்கூனில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசை நின்ற மாதம் அது. அலுவலகங்கள் மூடிக்கிடந்தன. மூன்று முறை போய்த் திரும்பினேன். நகல் கைக்கு வந்த அன்றே கைபேசியில் படமெடுத்து அனுப்பிவிட்டேன்.

மொழிபெயர்ப்பில் ஒரு தவறு செய்தேன். முத்திரை குத்தித் தருகிற ஆளிடம் நிறையப் பணம் கொடுத்தேன். அவர் ஊரின் பெயரையே தப்பாக எழுதிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, இரண்டு மொழியும் தெரிந்தவர் 'இது சரியான, முழுமையான மொழிபெயர்ப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும், முத்திரையே தேவையில்லை. தம்பியின் தோழன் ஒருவன் ஒரே இரவில் செய்து கொடுத்தான்.

அப்போது கட்டணம் மொத்தம் 545 டாலர்: விண்ணப்பத்துக்கு 50, கைரேகைக்கு 85, வேலை அனுமதிக்கு 410. அதற்குமேல் விசேஷமாக ஒன்றுமில்லை. கைரேகைக்குக் கூப்பிட்டார்கள், காத்திருந்தான், ஒருநாள் வேலை அனுமதி அட்டை வந்தது. 'ஏ12' என்று குறி போட்ட அட்டையின் படத்தை அனுப்பினான். அப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதிலாவது பெயர் சரியாக இருக்கிறதா?" என்றார். இல்லை, அதிலும் எஃப்.என்.யூ. தான்.

2022இலும் 2024இலும் நீட்டித்தார்கள். 2025 நவம்பரில் பர்மாவுக்கான பாதுகாப்பை முடிக்கப்போவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. அன்றிரவு தம்பி போன் செய்து, "அக்கா, அந்தப் பத்திரமெல்லாம் பத்திரமாக இருக்கிறதா?" என்று கேட்டான். அலமாரியில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்றேன்.