வெட் பல்ப் என்ன காட்டுது?

"மைனஸ் 2 காட்டுதே, இன்னும் ஏன் கன் போடல?" நவம்பர் கடைசி ஆயிட்டா டிக்கெட் கவுன்ட்டர்ல இருக்கறவங்க, பார்க்கிங்ல நிக்கறவரு, சீசன் பாஸ் வாங்கிட்டு ஸ்கீய துடைச்சு வெச்சுட்டு காத்திருக்கறவங்க எல்லாரும் எங்கள பார்த்து கேக்கறது இதுதான். நான் வேலை பாக்கறது கனடால, ஒன்டாரியோ மாகாணம், ஹூரான் ஏரியோட ஜார்ஜியன் பே கரைக்கு மேல நயாகரா எஸ்கார்ப்மென்ட்ங்கற நீளமான மலைச்சரிவுல இருக்கற ஒரு ஸ்கீ ரிசார்ட்ல. ஸ்னோமேக்கிங் க்ரூ, அதாவது தண்ணியத் தூவி ஸ்னோ பண்ற மெஷின ஓட்டறவங்க, அந்த மெஷினத்தான் ஸ்னோ கன், சுருக்கமா கன்னு சொல்லுவோம், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். அந்தக் கேள்விக்கு நாங்க எல்லாரும் சொல்ற பதிலும் ஒண்ணுதான், வெட் பல்ப் இன்னும் இறங்கல.

வெட் பல்ப்னா ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் காட்டற வெப்பநிலை, நம்ம ஊர்க்காரங்களுக்கு இத சொல்றது ரொம்ப ஈஸி. மண்பானைல தண்ணி ஏன் ஜில்லுன்னு ஆகுது, வெளிப்பக்கம் கசியற தண்ணி ஆவியாகும்போது உள்ள இருக்கற சூட்டையும் சேத்து எடுத்துட்டுப் போகுது, காத்து காஞ்சு இருந்தா நல்லா ஜில்லுன்னு ஆகும், கடலோரப் புழுக்கத்துல அவ்வளவா ஆகாது. ஸ்னோ கன்ல இருந்து தெறிக்கற துளிக்கும் இதே கதைதான். துளியோட மேல்பக்கம் கொஞ்சம் ஆவியாகி மிச்சத்த குளிர வைக்கணும், அது நடக்கணும்னா காத்துல ஈரம் கம்மியா இருக்கணும். அதனால தெர்மாமீட்டர் பிளஸ் 1 காட்டினாக்கூட ஈரப்பதம் 30 சதவீதம்னா வெட் பல்ப் மைனஸ் 3க்கு கீழ போயிடும், தாராளமா கன் போடலாம். அதே மைனஸ் 2ல ஈரப்பதம் 95 சதவீதம்னா வெட் பல்ப்பும் அங்கயேதான் நிக்கும், அதுல தண்ணிய தொறந்தா ட்ரெய்ல், அதாவது ஸ்கீ பண்ற பாதை முழுக்க கஞ்சி மாதிரி ஈரம்தான் விழும். பொதுவா மைனஸ் 2.5, மைனஸ் 3 வெட் பல்ப் வந்தாத்தான் வேலை ஆரம்பம்.

கொலராடோ மாதிரி காஞ்ச மலைப்பக்கம் இருக்கறவங்களுக்கு இது பெரிய விஷயமே இல்ல. எங்களுக்கு பக்கத்துலயே ஏரி. நவம்பர் டிசம்பர்ல ஏரி உறையாம இருக்கும், வடமேற்குலருந்து குளிர்காத்து அதுக்கு மேல வரும்போது ஈரத்த அள்ளிட்டு வந்து எங்க சரிவுல ஸ்னோவா கொட்டும், லேக் எஃபெக்ட் ஸ்னோ. அது கொட்டற அன்னிக்கு ஊரே கொண்டாடும். ஆனா அதே ஏரிதான் மத்த நாள்ல காத்த ஈரமாக்கி எங்க வெட் பல்ப்ப ஏத்தி விடுது, கொடுக்கறதும் அதுதான், தடுக்கறதும் அதுதான்.

கன் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, எங்ககிட்ட இருக்கறதுல பாதிக்கு மேல ஃபேன் கன், பெரிய டிரம் மாதிரி இருக்கும், பின்னாடி ஃபேன், முன்னாடி வட்டமா தண்ணி பீச்சற நாஸில்கள். அந்த நாஸில்ல கொஞ்சத்துக்கு பேரு நியூக்ளியேட்டர். அதுல தண்ணியோட கம்ப்ரஸ் பண்ணின காத்தும் சேந்து வெளிய வரும், அந்தக் காத்து சட்டுனு விரியும்போது பயங்கரமா குளிரும், கண்ணுக்குத் தெரியாத சின்ன ஐஸ் துணுக்கு உண்டாகும். மத்த நாஸில்ல வர்ற துளியெல்லாம் அந்தத் துணுக்கப் புடிச்சுட்டு உறையும். ஏன்னா சுத்தமான தண்ணி தானா சீக்கிரம் உறையாது, சின்ன துளியா இருந்தா மைனஸ் 38 பக்கம் வரைக்கும்கூட தண்ணியாவே இருக்க முடியும், அதுக்கு ஒட்டிக்க ஒரு விதை வேணும். சில ரிசார்ட்ல ஸ்னோமேக்ஸ்னு ஒரு பவுடர் கலப்பாங்க, சூடோமோனாஸ் சிரிஞ்சேங்கற பாக்டீரியாலருந்து எடுத்த புரோட்டீன், பாக்டீரியாவ கொன்னுட்டுதான் பயன்படுத்துவாங்க, அதுவும் விதை வேலைதான் பாக்குது.

இந்தத் தொழில் ஆரம்பிச்சதே ஸ்கீ விக்காம போனதாலதான். அமெரிக்கால கனெக்டிகட்ல மில்ஃபோர்டுங்கற ஊர்ல வேய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சின்னு மூணு பேர் ஸ்கீ தயாரிக்கற கம்பெனி வெச்சிருந்தாங்க, ஸ்னோ வராத குளிர்காலத்துல வியாபாரம் படுத்துடுச்சு, 1950ல பெயின்ட் அடிக்கற கம்ப்ரஸரையும் தோட்டத்துக்கு தண்ணி விடற ஹோஸையும் வெச்சே ஸ்னோ பண்ணிப் பாத்துட்டாங்க. 1980ல லேக் பிளாசிட் ஒலிம்பிக்ஸ்ல முதல்தடவையா மெஷின் ஸ்னோ வந்துச்சு, 2022 பெய்ஜிங்ல கிட்டத்தட்ட முழுக்கவே மெஷின் ஸ்னோதான்.

நைட் ஷிஃப்ட்ல முக்கியமான கருவி எங்க ஜாக்கெட் கைதான். புது கன்ல எல்லாம் அதுவே வெதர் பார்த்து தண்ணிய கூட்டிக் குறைச்சுக்கும், ஆனாலும் ரவுண்ட் போகும்போது கன் தூவற இடத்துக்குள்ள நடந்துபோய் முழங்கைய மடக்கி நீட்டிட்டு நிப்போம். ஹெட்லேம்ப் வெளிச்சத்துல கைமேல விழறத உத்துப் பாக்கணும், துணுக்கு துள்ளி கீழ விழுந்தா டிரை, விழுந்து ஒட்டிட்டு லேசா தட்டினா உதிர்ந்தா அடித்தளம் போட சரியான பதம், ஒட்டிட்டு கருப்பா ஈரம் பரவினா தண்ணி ஜாஸ்தி, கை மேல கண்ணாடி மாதிரி படிஞ்சா உடனே குறைக்கணும். அடில போடறது கொஞ்சம் ஈரமா கனமா இருக்கணும், மேல்பூச்சு டிரையா இருக்கணும். இத எனக்கு சொல்லிக்கொடுத்தவர் எங்க க்ரூ லீட், அவரு ஸ்க்ரீன பாக்கறதுக்கு முன்னாடி கையத்தான் நீட்டுவாரு, இன்னிக்கும் நான் அப்படித்தான் பண்றேன்.

இப்படி விழுந்த ஸ்னோ திமிங்கிலம் மாதிரி குவிஞ்சு நிக்கும், நாங்க இங்கிலீஷ்ல திமிங்கிலத்துக்கு சொல்ற "வேல்"னுதான் சொல்லுவோம். அத உடனே க்ரூமர், அதான் ஸ்னோவ தள்ளி சமமாக்கற வண்டி, வெச்சு தள்ளக்கூடாது. துளி வெளில இருந்து உள்ளதான் உறையுது, நடுவுல இன்னும் ஈரம் இருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள் விட்டா தண்ணி வடிஞ்சு பதமாகும். திறக்கற அவசரத்துல சீக்கிரம் தள்ளி பரப்பிட்டா அந்த ஈரம் பாறை மாதிரி கட்டிடும், அப்புறம் என்ன சீவினாலும் வராது, ஸ்கீ பண்றவங்க "ஐஸா இருக்கு"ன்னு வந்து திட்டுவாங்க.

இது போலி ஸ்னோதானேன்னு கேக்கறவங்க மேல எனக்கு உண்மையாவே வருத்தம் உண்டு. தண்ணியும் காத்தும் குளிரும்தானே. வானத்துலருந்து விழறது ஆறு கை விரிச்ச படிகம், நாங்க பண்றது உருண்டையான ஐஸ் மணி, வித்தியாசம் அவ்வளவுதான். புது இயற்கை ஸ்னோ ஒரு கன மீட்டர் 100 கிலோகூட வராது, எங்களுது 400, 500 கிலோ வரும். அந்த கனம்தான் ஜனவரி மழைல காப்பாத்துது. மழைய விட மோசமானது மூடுபனியோட வர்ற சூட்டுக்காத்து, காத்துல இருக்கற ஆவி ஸ்னோ மேல தண்ணியா படியும்போது விடற சூட்டுல, 1 கிராம் ஆவிக்கு 7 கிராம் ஐஸ் கரையும். அப்படி ரெண்டு நாள் அடிச்சா பக்கத்து காட்டுக்குள்ள இருக்கற இயற்கை ஸ்னோ பூரா போய் இலைச்சருகு தெரியும், ட்ரெய்ல் மட்டும் வெள்ளையா நிக்கும். மார்ச்ல ஜனங்க ஸ்கீ பண்றது டிசம்பர் ராத்திரில நாங்க போட்ட அந்த அடித்தளத்து மேலதான்.

ஸ்னோ ரிப்போர்ட் பத்தியும் சொல்லணும். காலைல எங்க ஷிஃப்ட் முடியும்போது என்ன இருக்குன்னு எழுதிக் கொடுப்போம், வெப்சைட்ல போகும்போது சில சமயம் அது கொஞ்சம் இனிப்பாயிடும். இது எங்க ஊர் கதை மட்டும் இல்ல, டார்ட்மவுத் காலேஜ் பொருளாதார ஆய்வாளர்கள் ரெண்டு பேர் ரிசார்ட் ரிப்போர்ட்டையெல்லாம் எடுத்து வெச்சுப் பாத்ததுல வார நாள விட வீக்கெண்ட்ல புது ஸ்னோ அதிகமா "விழுந்ததா" எழுதறாங்கன்னு காட்டியிருக்காங்க. கெட்டியா இறுகின ஸ்னோ, ஹார்ட்பேக்னா ஹார்ட்பேக்னு போடுங்க, வர்றவங்க ஸ்கீயோட எட்ஜ (ஓரத்து இரும்ப) தீட்டிட்டு வரட்டும், குழந்தைய கூட்டிட்டு வர்றவங்க மத்தியானம் வரட்டும். மறைச்சா யாராவது விழுந்து அடிபடுவாங்க.

தண்ணி கணக்கு கேட்டா மலைப்பா இருக்கும். ஒரு ஹெக்டேருக்கு 30 சென்டிமீட்டர் போட 3000 கன மீட்டர் ஸ்னோ, அதுக்கு 13 லட்சம் லிட்டர் தண்ணி, காத்துல அடிச்சுட்டுப் போறது தனி. இத்தனையும் அடிவாரக் குளத்துலருந்து பம்ப் ஏத்தி மேல போகணும். வசந்தத்துல பெரும்பகுதி உருகி கீழ வந்துடும், ஆனா ஏத்தின கரன்ட் திரும்ப வராது.

இதுல எனக்கு ரொம்ப நாளா உறுத்தறது ஒண்ணு. சராசரி வெப்பநிலை எவ்வளவு ஏறுச்சுன்னுதான் எல்லாரும் பேசறாங்க, எங்களுக்கு வலிக்கறது வேற எடத்துல, குளிர் தொடர்ச்சியா நிக்க மாட்டேங்குது. மூணு நாள் விடாம குளிர் நின்னா மலையே மாறிடும். அதே 72 மணி நேரம் துண்டு துண்டா ராத்திரிக்கு ஆறு மணி நேரமா வந்தா பாதிதான் கிடைக்கும், ஏன்னா லைன்ல பிரஷர் ஏத்தி, ஹைட்ரன்ட் (ஹோஸ் மாட்டற தண்ணி வால்வு) ஒவ்வொண்ணா தொறந்து, கன் திசை பாத்து வெக்கறதுக்கே நேரம் போகும், நிறுத்தும்போது ஹோஸ்ல சொட்டு தண்ணி இல்லாம வடிக்கணும், விட்டா உறைஞ்சு மறுநாள் அந்த ஹோஸே இல்ல. நிறைய ராத்திரி நல்லா விழ ஆரம்பிச்ச நேரத்துல வெட் பல்ப் ஏறி ரேடியோல "ஷட் டவுன்"னு வரும், மேல நிக்கற எங்களுக்கு மனசு ஆறவே ஆறாது.

அதனாலதான் ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட் பேச்சு வரும்போது நாங்க எல்லாரும் ஒரே விஷயத்த கேக்கறோம். புது கன் வாங்கறது போட்டோல நல்லா இருக்கும், ஆனா பம்பும் பைப்பும் குளமும் பழசாவே இருந்தா கன் எத்தன இருந்தும் தண்ணி பத்தாது. ஆல்ப்ஸ்ல பெரிய ரிசார்ட்டெல்லாம் கிடைக்கற மூணு நாலு நாள் குளிர்லயே அடித்தளத்த முடிக்கற மாதிரி பம்ப் கெபாசிட்டியும் குளமும் கட்டறாங்க. எங்க குளம் முழு வீச்சுல ஓட்டினா நடுராத்திரிக்கே தாழ்ந்துடுது, நிறைய சமயம் வெட் பல்ப் மைனஸ் 8 இருக்கும்போதே பாதி கன்ன நிறுத்தி குளம் நிரம்பக் காத்திருக்கோம். அடுத்த கோடைல குளத்த ஆழமாக்கப் போறதா சொல்றாங்க, இந்தத் தடவையாவது தோண்டற மெஷின் இறங்கணும்.