நியூபோர்ட்டில் சனியும் ஞாயிறும்

வார இறுதி முழுக்க அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் ஜாஸ் விழாவில்தான். 1954-இல் தொடங்கிய விழா. இப்போது நடப்பது கடலோரத்து ஆடம்ஸ் கோட்டையில். நாங்கள் நான்கு பேர், மடக்கு நாற்காலிகளோடு காலையிலேயே போய் இடம் பிடித்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர், ஒவ்வொரு தனி வாசிப்பு முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே கைதட்டினார். 1956-இல் டியூக் எலிங்டன் குழுவின் பால் கொன்சால்வெஸ் இதே ஊரில் ஒரே மெட்டின் மேல் நிறுத்தாமல் 27 சுற்று சாக்ஸபோன் ஊதிய கதையை எடுத்தேன். "நான் பிறந்த வருஷம்!" என்று அப்போதுதான் கண் திறந்தார்.

சனி மதியம் மழை, யாரும் எழுந்திருக்கவில்லை. டிக்கெட் வாங்காத சில கெட்டிக்காரர்கள் விரிகுடாவில் படகை நிறுத்தி ஓசியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம், ஞாயிறு வெயிலில் என் மூக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.