லூயிபூர்க் கோட்டையில் ஒரு கடலூர்க்காரன்

சிட்னி என்றதும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடாதீர்கள். இது கனடாவில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவில் இருக்கிற சிட்னி, அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் லூயிபூர்க், பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோட்டை ஊர். ஜூலை மாதம்தான், ஆனாலும் பனிமூட்டத்தில் பத்தடி முன்னால் போன மனைவியின் சிவப்புக் குடை மட்டுமே தெரிந்தது. வாசலில் பிரெஞ்சுச் சிப்பாய் வேஷத்தில் நின்ற பையன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி, "இங்கிலீஷ் ஒற்றனா?" என்று அதட்டினான். 1744-ல் கடலூர் என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள்தான், அப்போது எங்கள் ஊர் இங்கிலீஷ்காரன் கையில் இருந்தது.

இவ்வளவு தூரம் வந்ததே இந்தக் கோட்டைக்கும் எங்கள் கரைக்கும் இருந்த ஒரு பழைய கணக்கைப் பார்க்கத்தான். 1745-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து நியூ இங்கிலாந்தின் இங்கிலீஷ் குடியேறிகள், பெப்பரெல் என்கிற வியாபாரியின் தலைமையில், இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். சண்டையில் செத்தவர்களைவிட அடுத்து வந்த குளிர்காலத்தில் நோயில் செத்தவர்கள்தான் அதிகம். மறு வருஷம் செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லாபூர்தொனே இங்கிலீஷ்காரனிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தார். 1748-ல் எக்ஸ்-லா-ஷப்பேல் சமாதான உடன்படிக்கையில் லூயிபூர்கைப் பிரெஞ்சுக்காரனுக்கும் சென்னையை இங்கிலீஷ்காரனுக்கும் மாற்றிக்கொண்டார்கள். உண்மையில் பெரிய பேரம் பெல்ஜியம் பக்கத்து நிலங்களுக்கு, சென்னை அதில் கொசுறு. லூயிபூர்க் கைமாறும்வரை இரண்டு பிரிட்டிஷ் பிரபுக்களை அடமான நகை மாதிரி பிரான்ஸில் பிணையாக வைத்திருந்தார்கள். பாஸ்டன்காரர்களுக்கு வயிறு எரிந்தது, எரியாதா பின்னே?

சரி, அவர்கள் பேச்சு எடுபட்டு இங்கிலாந்து லூயிபூர்கைத் தர மறுத்திருந்தால்? சென்னை பிரெஞ்சுக்காரனிடமே நின்றிருக்கும். 1746-லிருந்து 1752 வரை நம்ம கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைதான், அதை மாற்றவே வேண்டியிருந்திருக்காது. ஹைகோர்ட்டும் துறைமுகமும் கெடிலத்து ஓரம் வந்திருக்கும், நான் கெத்தாகத் தலைநகரத்துக்காரன். நீடித்திருக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. சில வருஷத்தில் அடுத்த போர் வந்தது. இங்கிலீஷ்காரர்கள் லூயிபூர்கை 1758-ல் மறுபடி பிடித்து, 1760-ல் மதில்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள், 1761-ல் புதுச்சேரிக்கும் அதே கதி. கடலில் பலம் யாரிடமோ, கோட்டை அவனுக்கு.

அதனால் நான் நடந்த தெருக்கள் பழசு இல்லை. 1961-லிருந்து, வேலை இழந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வைத்தும், பழைய ஊரில் கால்பங்கை மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஊரே வாழ்ந்தது காட் மீனை உப்புப் போட்டுக் காயவைத்து விற்றுத்தான். கரையோரம் மரப்பந்தல்மேல் காய்ந்த மீனின் வாடை மூக்கில் ஏறியதும், அடடா, நம்ம துறைமுகத்துக் கருவாட்டுக் களம். சாப்பாட்டுக் கடையில் ஏழைகள் பந்தி என்று ஒரு ஸ்பூன் மட்டும் தந்தார்கள், முள்கரண்டி கிடையாது. எனக்கு ஸ்பூனே அதிகம். பேக்கரியில் சிப்பாய் ரொட்டி ஒன்று வாங்கினேன், செங்கல் கனம், ஓரத்தைக் கடித்ததில் கடைவாய்ப்பல் ஆடியது.

திரும்பும் பஸ்ஸில் மனைவியிடம் முழுக்கதையும் சொன்னேன். அவள் மயிலாப்பூர்க்காரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப என்னைப் பொண்ணு பார்க்க நீங்க விசா எடுத்துல்ல வந்திருக்கணும்? எங்கப்பா கொடுத்திருக்கவே மாட்டார்" என்றாள், ரொட்டியைப் பையில் திணித்தபடி.