புல்லணைக்குப் போய்ட்டு வந்தோம்

பாப்பாவுக்கு ஒன்றரை வயசு ஆகப்போகுது, இப்பதான் ராமநாதபுரம் பக்கத்துல இருக்கிற திருப்புல்லாணி பெருமாள் கோவில் வேண்டுதலை முடிச்சோம், பெருமாள்தான் மன்னிக்கணும். கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லாம நாங்க தவிச்சப்ப அப்பத்தாதான் ஒத்தக்கால்ல நின்னுச்சு, "புல்லணைக்குப் போய் நாகப் பிரதிஷ்டை பண்ணி பாயசம் குடிச்சிட்டு வாங்கய்யா, தசரதனுக்கே வழிகாட்டுன சாமி உங்களைக் கைவிட்ருமா"ன்னு. போனோம், குடுத்தாரு. பாப்பா பொறந்த நாலாவது மாசம் அப்பத்தா போயிருச்சு, "புள்ளைய சன்னதில போட்டு எடுத்துருங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு.

கடைசி வரைக்கும் அது வாயில திருப்புல்லாணின்னு வந்ததே இல்ல, புல்லணைதான். வயசானவங்க வாயில ஊர்ப் பேரு தேஞ்சு போச்சுன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்.

அமாவாசையா பாத்துப் போனது தப்பாப் போச்சு. சேதுக்கரைல முதல்ல முங்கிட்டு வரலாம்னு போனா கடல்ல கால் வைக்க இடமில்ல, வேன்ல இருந்து இறங்குறதுக்குள்ள ஒருத்தர் வந்து சங்கல்பம் பண்ணனுமான்னு ஒட்டிக்கிட்டாரு, ரேட்டு பேசாமயே ஆரம்பிச்சு முடிச்சப்புறம் ரெண்டாயிரம்னு நிக்கிறாரு. கைப்புள்ளையோட வந்தவங்ககிட்டயாவது கொஞ்சம் ஈவு இரக்கம் வேணாமா? கடலைப் பாத்து நிக்கிற ஆஞ்சநேயரைக் கும்பிட்டப்புறம்தான் மனசு ஆறுச்சு.

கோவில்லயும் கூட்டம்தான். ஆதிஜெகந்நாதர், தாயார் எல்லாம் சேவிச்சிட்டு தர்ப்பசயன ராமர் சன்னதிக்கு வந்தப்ப மணி பன்னெண்டை நெருங்கிருச்சு, நடை சாத்திருவாங்களோன்னு ஒரே பதட்டம். எப்படியோ எங்க முறை வந்தப்ப முன்னாடி யாருமே இல்ல. பட்டர் பாப்பாவை வாங்கி சன்னதி வாசப்படில படுக்க வச்சாரு. அழுவான்னு பயந்தேன், அழல. தலையைத் திருப்பி விளக்கு வெளிச்சத்துல படுத்திருக்கிற ராமரையே பாக்குறா. அவரு சீதையைப் பறிகொடுத்துட்டு, கடல்ராஜா வழி விடட்டும்னு மூணு நாள் தர்ப்பைப் புல்லு மேலயே படுத்துக் கெடந்தவரு. ரெண்டு பேரும் தரையில படுத்திருக்காங்க, எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு.

அப்ப என்னை அறியாம "அப்பத்தா புல்லணைன்னுதான் சொல்லும் சாமி"ன்னேன். பட்டர் சொன்னாரு, "சரியாத்தான் சொல்லிருக்கா. புல்லு, அணை. பஞ்சணை, தலையணை மாதிரி படுக்கை. புல்லணைதான் புல்லாணி ஆச்சும்பா. புல்லாரண்யம், தர்ப்பைக் காடுன்னும் சொல்றதுண்டு." திருமங்கையாழ்வார் பாசுரத்துலயே புல்லாணின்னுதான் வரும், அதனால அப்பத்தாதான் பேரை மாத்திருச்சுன்னு நான் இத்தனை வருஷம் நெனச்சிருக்கேன்.

வெளிய வந்து அரசமரத்தடில நாகர் கல்லு வரிசையில நாங்க அன்னிக்கு வச்சதைத் தேடுறப்பவும் அந்த அணைங்கிற வார்த்தைதான் மனசுல ஓடுது. சேதுன்னாலும் அணைதானே, பெரியவங்க சேதுவைத் திருவணைன்னுதான் சொல்லிருக்காங்க, அதைக் காத்ததாலதான் ராமநாதபுரத்து ராஜாக்களுக்கே சேதுபதின்னு பேரு. புல்லுல படுத்ததும் அணை, எந்திரிச்சு கடல்ல கட்டுனதும் அணை. வீட்டுக்காரி பாப்பாவை நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டு நின்னா, அவகிட்ட சொன்னேன், அவளுக்கும் கண்ணு கலங்கிருச்சு. ராமா, நீ போட்ட பிச்சைப்பா இது, வேற என்னத்தைச் சொல்ல.

பாயசத்தைச் சின்னத் தூக்குல வாங்கிட்டு வந்து ராத்திரி அப்பத்தா படத்துக்கு முன்னாடி வச்சோம். விளக்கேத்திட்டுத் திரும்புறதுக்குள்ள பாப்பா தவழ்ந்து போய் அதுல கைய விட்டு நக்கிட்டிருக்கா.