அம்பாசடருக்கு என்ஜின் மாற்றிய நாற்பது நாட்கள்

சென்ற ஐப்பசியில் ஒரு மழைநாள் காலை, காரை எடுப்பதற்கு முன் வழக்கம்போல் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். அதன் நுனியில் பால் கலந்த காப்பி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அன்றைக்கே பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டேன்; அதன் பிறகு பழைய என்ஜினை ஒரு முறைகூட ஓட்டவில்லை.

கார் 1977ஆம் ஆண்டு அப்பச்சி (என் அப்பா) வாங்கிய மார்க் 3 அம்பாசடர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்பவர்களின் மூட்டைகளையும் சமையல் சாமான்களையும் சுமந்துகொண்டு, காவடிகளுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாகப் பல ஆண்டுகள் ஊர்ந்து சென்ற வண்டி அது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது, மூன்றாவது சிலிண்டருக்கும் தண்ணீர் ஓடும் அறைக்கும் நடுவே முடி அளவில் ஒரு விரிசல் தெரிந்தது. அதைவிட வருத்தம் தந்தது தண்ணீர் அறையின் நிலை. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பும் துருவும் சேர்ந்து, சுண்ணாம்புக் காரை பூசியதுபோல் அடைத்துக்கிடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹெட் கேஸ்கெட் மாற்றிக் கொடுத்த பட்டறையில், அந்த அறையைச் சுத்தம் செய்ததாகக் கூலியும் வாங்கியிருந்தார்கள். அடைப்பு இருந்த இடத்தில் சூடு ஏறி ஏறி இரும்பு பிளந்திருக்கிறது. வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்து ஒட்டலாம் என்று இருவர் சொன்னார்கள். சிலிண்டர் ஏற்கெனவே அறுபது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை போர் செய்யப்பட்டு, அதாவது குடைந்து அகலமாக்கப்பட்டு, அதன் சுவர் மெலிந்திருந்த நிலையில், அந்த ஒட்டை நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாற்று என்ஜின் என்றதும் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது இசுசு. 1990களில் அம்பாசடரிலேயே வந்த 1817 சிசி பெட்ரோல் என்ஜின்; ஐந்து கியர் பெட்டியோடு வரும்; ஓட்டம் நன்றாகவே இருக்கும். ஆனால் அது என் காருக்குப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. என் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். ஸ்டீயரிங்கில் இருக்கும் கியர் கம்பி, புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் அச்சு எல்லாம் 1489 சிசி என்ஜினின் இழுவைக்கு அளந்து செய்தவை. வேகத்தை மட்டும் கூட்டி, அதைத் தாங்குவதையும் நிறுத்துவதையும் பழையபடி விடுவது சரியான வேலை ஆகாது. சட்டமும் உண்டு: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது; என்ஜின் மாற்றத்தையும் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலோடு சான்றிதழில் ஏற்ற வேண்டும். ஆகவே அதே 1489 சிசி, அதே பெட்ரோல், அதே வகை என்று முடிவு செய்தேன்.

தேவகோட்டையில் உறவினர் ஒருவர் வீட்டில் இன்னொரு மார்க் 3 ஆறு ஆண்டுகளாக நின்றிருந்தது. தரைத்தகடு முழுவதும் துருப்பிடித்துப்போன வண்டி, ஆனால் ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருந்தது, என்ஜின் எண்ணும் அதோடு ஒத்துப்போனது. பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடியிருந்தால் இதைவிட விரைவில் கிடைத்திருக்கும். என்றாலும் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று எழுத்தில் காட்ட முடிகிற என்ஜினையே வாங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

இந்த வேலையில் நான் அதிக அக்கறை காட்டியது, அந்த என்ஜினை இறக்குவதற்கு முன் செய்த சோதனைகளில்தான். வாங்கிக் கொண்டுவந்து பொருத்திய பிறகு குறை தெரிந்தால், அதே வேலையை இரண்டாம் முறை செய்ய வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்தோம். மூன்றாம் நாள் முன்பக்க ஹேண்டிலைப் போட்டுக் கையால் சுற்றியபோது எங்கும் பிடிக்காமல் சுற்றியது. ஊறிய ஆயில் வெளியேறும்வரை சுற்றிவிட்டு, பேட்டரி வைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்த்தோம்: 118, 120, 92, 116. மூன்றாவதில் குறைவு. ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடியும் பார்த்தபோது 95க்கு மேல் ஏறவில்லை. பிஸ்டன் ரிங்கில் தேய்மானம் இருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் காற்று போகும் வழி வால்வு. எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த காரைக்குடி மெக்கானிக் அண்ணன், இப்போது எழுபதைக் கடந்தவர், மீட்டரைப் பார்த்துவிட்டு, “கீழ்க்கட்டு நல்லா இருக்கு தம்பி, ஹெட்டை மட்டும் பாத்துக்க” என்றார். கீழ்க்கட்டு என்றால் பிஸ்டனும் கிராங்கும் இருக்கும் கீழ்ப்பகுதி. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் விலை பேசினேன்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் குழிந்து போயிருந்தது. இந்த என்ஜின் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; வால்வு உட்காரும் இரும்புக்கு அது ஒரு காப்பாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் வந்த பிறகு, பழைய ஹெட்டின் மிருதுவான வார்ப்பிரும்பு வால்வின் அடியைத் தாங்காமல் மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) அடிக்கடி குறைந்துபோகிறது என்று பழைய கார்க்காரர்கள் சொல்வதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். லேத் பட்டறையில் கொடுத்து, நான்கு எக்ஸாஸ்ட் இடங்களிலும் கடினமான இரும்பு வளையம் இறக்கி, வால்வுகளைப் பேஸ்ட் போட்டு நானே தேய்த்தேன். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் விட்டுவைத்தேன். காலையில் ஒரு துளிகூடக் கீழே இறங்கவில்லை.

சிலிண்டர் இன்னும் கம்பெனி அளவான 73 மில்லிமீட்டரிலேயே இருந்தது. ஒருமுறைகூட போர் செய்யப்படாதது. பேரிங்குகளை மட்டும் புதிதாக மாற்றினேன்.

அம்பாசடர் என்றாலே ஆயில் ஒழுகும் என்று ஒரு பேச்சு உண்டு. அதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்று மெயின் பேரிங் உள்ள இந்த என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பின் முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. கிராங்கிலேயே திருகுபோல் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது வெளியேறப் பார்க்கும் ஆயிலை அது உள்ளே திருப்பி அனுப்பும். என்ஜினின் வயிற்றில் காற்றழுத்தம் கூடினால் அந்தத் திருகால் ஈடுகொடுக்க முடியாது. எனவே ஒழுகலுக்கு முதல் மருந்து, காற்றுப் போக்கும் பிரீதர் குழாயைச் சுத்தமாக வைப்பது. தேவகோட்டை என்ஜினில் அந்தக் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. அதை எடுக்காமல் ஓட்டியிருந்தால் ஆயில் முழுவதும் கிளட்ச் பிளேட்டில்தான் இறங்கியிருக்கும்.

எங்கள் வீடு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் பழைய வீடு. கார் நிற்பது பின்கட்டை ஒட்டிய கொட்டகையில். அங்கே குறுக்கே ஒரு பர்மா தேக்கு உத்தரம் கிடக்கிறது. செயின் பிளாக்கை அதிலேயே மாட்டிவிடலாம் என்று வந்தவர்கள் அனைவரும் யோசனை சொன்னார்கள். கூரையின் சுமையைத் தாங்க வைத்த உத்தரம், ஒரே புள்ளியில் தொங்கும் ஒன்றரை குவிண்டாலுக்கு மேற்பட்ட இரும்பைத் தாங்கும் என்று யாரும் எனக்கு உத்தரவாதம் தர முடியாது. தாங்கினாலும், ஐயா காலத்து உத்தரத்தில் சங்கிலித் தழும்பு விழுவதை நான் விரும்பவில்லை. ஒரு டன் செயின் பிளாக்கையும் இரும்பு முக்காலியையும் வாடகைக்கு எடுத்தேன். முக்காலியின் கால்கள் விரியாதபடி அடியில் சங்கிலி போட்டுப் பிணைத்தோம்.

தைப் பொங்கல் முடிந்த வாரத்தில் பழைய என்ஜினை இறக்கினோம். என் ஆச்சியின் (அக்காவின்) மகன், கல்லூரியில் படிப்பவன், துணைக்கு வந்தான். கழற்றும் ஒவ்வொன்றையும் அவன் செல்பேசியில் படம் பிடித்தான். நானோ அட்டையில் என்ஜினின் முகத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே துளையிட்டுச் செருகிவைத்தேன். “எல்லாந்தான் போட்டோவில இருக்கே அம்மான்” என்றான். போட்டோவில் போல்ட்டின் தலைதான் தெரியும், நீளம் தெரியாது. கால் அங்குலம் நீளமான போல்ட்டைத் தவறான துளையில் முறுக்கினால் உள்ளே இருப்பதைக் குத்தும்.

கியர் பெட்டியைக் காரிலேயே விட்டு, அதன் அடியில் கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கியிருந்தோம். ஆகவே மாற்று என்ஜினை இறக்கும்போது, கியர் பெட்டியின் முன் தண்டு கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் நுழைந்து, கிராங்கின் நடுவில் உள்ள சிறிய வெண்கல புஷ்ஷில் போய் உட்கார வேண்டும். பிளேட் மயிரிழை விலகியிருந்தாலும் நுழையாது. பிளேட்டை நடுவில் நிறுத்திப் பிடிக்க ஒரு போலித் தண்டு வேண்டும். வெர்னியரில் இரண்டு விட்டங்களையும் அளந்து கொடுத்தேன். எங்கள் தெருத் தச்சர் பழைய தேக்குத் துண்டில் இரண்டு படிகளாகக் கடைந்து தந்தார். புஷ்ஷுக்குள் அது விரலால் தள்ளினால் போகும், விட்டால் ஆடாது, அவ்வளவு கச்சிதம். பிளேட்டை அதில் கோத்து, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று மட்டும் முறுக்கி இறுக்கினேன்.

என்ஜின் உள்ளே போயிற்று. கடைசி அரை அங்குலத்தில் நின்றுவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் போல்ட்டைப் போட்டு இழுத்துவிடுவார்கள். அப்படி இழுத்தால் என்ஜினின் மொத்த எடையும் அந்த மெல்லிய தண்டிலும் பிளேட்டின் நடுவிலும் தொங்கும்; பிளேட் வளையும், பின்னர் கிளட்ச் நடுங்கும், காரணமும் தெரியாது. அண்ணன் சங்கிலியைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் நின்றார். நான் இரண்டு பக்கமும் இடைவெளியை ஃபீலர் தகட்டால் அளந்தேன். மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருந்தது. அதாவது கியர் பெட்டியின் மூக்கு சற்றுத் தூக்கி நின்றது. ஜாக்கியைக் கால் சுற்று இறக்கினேன். மருமகனை நான்காவது கியரைப் போடச் சொல்லிவிட்டு, முன்னால் ஹேண்டிலை மாட்டி, கிராங்கை மிக மெதுவாகச் சுற்றினேன். ஒரு விரற்கடை சுற்றுவதற்குள் பற்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டன. பெட்டி மூடும் ஓசைபோல ஒரு சத்தம் கேட்டது. என்ஜின் தானாகவே உட்கார்ந்தது. போல்ட்டுகள் அனைத்தும் கையாலேயே கடைசி வரை ஏறின.

முதலில் ஸ்டார்ட் செய்த அன்று ஒரு தவறு நடந்தது, அது முழுக்க என்னுடையது. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரால் சுற்றி ஆயில் அழுத்தம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் சோம்பலாக முனகியது. டேஷ்போர்டின் பக்கம் ரப்பர் கருகும் வாடை வந்தது. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் கம்பி சூடேறிப் புகைந்துகொண்டிருந்தது. உடனே பேட்டரியைக் கழற்றினேன். என்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டையை நான் மாட்டவே இல்லை. என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் மின்சாரம் திரும்பிச் செல்ல வேறு வழியின்றி, அந்த மெல்லிய சோக் கம்பி வழியாக ஓடியிருக்கிறது. அட்டையில் போல்ட்டுகளை எல்லாம் செருகிய நான், இந்தப் பட்டையைத் தனியாகச் சுவர் ஆணியில் மாட்டிவைத்திருந்தேன். புதிய சோக் கம்பி வாங்கினேன். பட்டையின் இரு முனைகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினேன்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. முதல் சிலிண்டரை உச்சியில் நிறுத்தி, சிறு பல்பை வைத்து டைமிங் பார்த்து, 1-3-4-2 வரிசையில் வயர்களை மாட்டினேன். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருவதால், பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப் பிய்ந்துவிடும்; டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை குழாய்களை மாற்றிவிட்டேன். தண்ணீர் அறையையும் ரேடியேட்டரையும் கழுவ, வளவின் (உள்முற்றத்தின்) கூரைத் தாழ்வாரத்திலிருந்து அண்டாவில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை எடுத்தோம். உப்பில்லாத தண்ணீர் எங்கள் ஊரில் அதுதான். நிரப்பியது பேட்டரித் தண்ணீரும் கூலன்ட்டும் கலந்த கலவை. போர்வெல் தண்ணீர் இனி அந்த ரேடியேட்டர் பக்கம் வராது.

மாசி மாதத்தில் ஒரு காலை, இரண்டாவது சுற்றிலேயே என்ஜின் பிடித்தது. குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் மட்டுமாகச் சிறிது சிறிதாக ஓட்டி, ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடியும் இறுக்கி, டேப்பட் இடைவெளியைச் சரிபார்த்தேன். எக்ஸாஸ்ட் வால்வுகளில் அளவு மாறவில்லை. கொட்டகையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் ஆயில் சொட்டு இருந்தது. ஒரு இரவுக்கு ஒரே ஒரு சொட்டு.

ஒப்புதலுக்கு முன்பே விண்ணப்பித்திருந்ததால் ஆய்வு நாளில் சிரமம் இல்லை. தேவகோட்டை உறவினரின் கடிதத்தையும் அவருடைய ஆர்.சி. புத்தகத்தையும் பார்த்துவிட்டு, ஆய்வாளர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். என்ஜினின் பக்கவாட்டில் இருந்த எண்ணின்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். கறுப்புக்கு நடுவே எண்கள் வெள்ளையாக ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கடைசி எண் சரியாக விழவில்லை என்று நான் துணியால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தேன். அவர் மறுபடியும் தேய்த்தார்.