லங்காஸ்டரில் மூன்று நாள்: சத்தியம் செய்யாத மக்களின் ஊர்

லங்காஸ்டர் ரயில் நிலையத்தில் ஏறும்போது 20 டாலர் என்று சொன்ன டாக்சி ஓட்டுநர், எட்டு கிலோமீட்டர் தள்ளி ஹான்ஸ் ஹெர் வீடு என்ற பழைய வீட்டின் வாசலில் இறக்கிவிட்டு 35 டாலர் கேட்டார். சனிக்கிழமைக் கட்டணமாம். மூன்று நாள் போக்குவரத்துக்கென ஒதுக்கிய பணத்தில் பாதி முதல் மணி நேரத்திலேயே கரைந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபை மக்களைக் காண வந்த பயணம் இப்படிக் கொதிப்போடுதான் தொடங்கியது.

வீட்டைச் சுற்றிக்காட்டிய பெரியவரிடமே அந்தக் கோபத்தைக் கொட்டிவிட்டேன். பொறுமையாகக் கேட்டவர், தங்கள் முன்னோர் நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மறுத்தவர்கள் என்றார். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்ற இயேசுவின் மலைப்பிரசங்க வாக்கை இவர்கள் எழுத்துப் பிசகாமல் கைக்கொள்கிறார்கள். சாட்சிக் கூண்டில் மட்டும் உண்மை பேசுவதாகச் சத்தியம் செய்தால், கூண்டுக்கு வெளியே பொய் சொல்ல இடமிருக்கிறது என்று ஆகிவிடுமே! மெனோனைட்டுகள் தங்கள் நம்பிக்கைகளைத் தொகுத்த 1632-ஆம் ஆண்டின் டோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சத்தியத்துக்குப் பதில் உறுதி கூறினால் போதும் என்று அமெரிக்க அரசியலமைப்பும் அதிபருக்கே இடம் தருகிறது. இந்த விளக்கத்தைக் கேட்டபோது அந்த 15 டாலர் இன்னும் அதிகமாகவே வலித்தது.

1719-இல் கட்டிய கல் வீடு அது. விவரம் தெரிந்து விசுவசிப்பவருக்கே ஞானஸ்நானம் என்று 1525-இல் சூரிச்சில் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்தவர்கள், சுவிட்சர்லாந்திலிருந்து துரத்தப்பட்டு, ஜெர்மனியின் பாலட்டினேட் வழியாக 1710-இல் இங்கு வந்து சேர்ந்தார்கள். குடும்பம் வாழ்ந்த இந்த வீட்டிலேயே சபையும் கூடியது. கார் ஓட்டாமல் குதிரைவண்டியில் போகும் ஆமிஷ் மக்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் 1693-இல் பிரிந்து போனவர்கள். இங்குள்ள மெனோனைட்டுகளில் பெரும்பாலோர் கார் ஓட்டுகிறார்கள். சாலையோரம் குதிரைவண்டிப் பொம்மை விற்கும் கடைகளில் பணத்தை வீணாக்காதீர்கள்.

மறுநாள் ஆராதனையில் வாத்தியம் எதுவுமில்லாமல் நான்கு குரல்களில் பாடினார்கள். எனக்கு முன்னால் நின்றவரின் கீழ்க்குரல் பலகை வழியாக என் கைக்கு ஏறியது. பிறகு சபையார் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாடு. பாட் பை என்ற பெயரைக் கேட்டு மேலோடு வைத்த பண்டத்தை எதிர்பார்த்தால், சதுரமாக வெட்டிய தடித்த மாவுத் துண்டுகள் குங்குமப்பூ கலந்த மஞ்சள் கோழிச் சாற்றில் மிதக்கின்றன. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அமெரிக்காவில் நான் உண்ட மிக நல்ல உணவு அதுதான், காசும் வாங்கவில்லை.

சபை நூலகத்தில், விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்களின் கதைகளைச் சொல்லும் ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’ என்ற கனத்த நூலைப் புரட்டினேன். 1569-இல் நெதர்லாந்தின் ஆஸ்பரன் ஊரில், சிறையிலிருந்து தப்பி உறைந்த நீர்ப்பரப்பைக் கடந்த டிர்க் வில்லெம்ஸ், துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து மூழ்குவதைக் கண்டு திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார். யான் லைக்கன் தீட்டிய படத்தில் அவருடைய இரண்டு கைகளும் நீருக்குள் இருப்பவனை நோக்கி நீண்டிருக்கின்றன. இதே நூலின் ஜெர்மன் பதிப்பு 1748-இல் பக்கத்து எஃப்ராட்டாவில் அச்சானது. கட்டாமல் கிடந்த தாள்களை அமெரிக்கப் புரட்சிப் போரின்போது தோட்டா சுற்றப் படைவீரர்கள் எடுத்துப் போனார்கள். போர் செய்யாதே என்று சொன்ன தாள்கள் அவை. அதை எண்ணி வெகுநேரம் மனம் ஆறவில்லை.

திங்களன்று அந்த எஃப்ராட்டாவுக்குப் பஸ்ஸில் போனேன். டாக்சியை இனி நினைப்பதாக இல்லை. 1920-இல் உக்ரைன் பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய மெனோனைட் மத்தியக் குழுவின் கிடங்கில், அகதிகளுக்கு அனுப்பும் போர்வைகளைப் பெண்கள் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் நூல் கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பாட்டி என் முடிச்சைச் சுண்டிப் பார்த்து, முதல் சலவையிலேயே அவிழ்ந்துவிடும் என்று கத்தரித்தெடுத்து, புது நூல் தந்தார். யாருக்குப் போகும் என்று கேட்டேன். “குளிருகிறவருக்கு” என்று சொல்லிவிட்டுத் தன் வரிசையைத் தொடர்ந்தார். நான்கு மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை பதினோரு முடிச்சு போட்டேன், ஒன்பதை அவர் அப்படியே விட்டுவிட்டார்.